ஐந்தாம் அத்தியாயம்: வீட்டில் செய்யும் நடத்தைப் பயிற்சி

சோமனூரிலிருந்து கோயமுத்தூருக்குப் போய், ஒரு சிகிச்சை நிலையத்தில் முக்கால் மணி நேரம் குழந்தையை அமர்த்தித் திரும்புவதென்றால், பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து அரைநாள் கழிந்துவிடும். தறிக்குடோனில் ஷிப்டுக் கூலிக்கு உழைக்கும் தம்பதியருக்கு அந்த அரைநாள் என்பது ஒருவருடைய கூலி. ஆதலால் வாரத்துக்கு ஒருமுறை போய்வருவதே பெரும் பிரயத்தனமாகிவிடுகிறது. வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டாலும், கூலி உயர்வு கேட்டு ஊரெல்லாம் தறிகள் நிற்கும் காலம் வந்தாலும் அந்த ஒருமுறையும் தவறிப்போகிறது. குழந்தை விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் வீட்டிலே, அம்மாவின் பக்கத்திலும் அப்பத்தாவின் மடியிலும், தறிக்குடோன் வாசலிலுமாகக் கழிகிறது. ஆட்டிசமுள்ள குழந்தைக்கு வீட்டார் அளிக்கும் பயிற்சியை, வசதியில்லாதவர்கள் வேறு வழியின்றிச் செய்துகொள்ளும் இரண்டாந்தர ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். வீட்டில் நடப்பதே பிரதானம், நிலையத்தில் நடப்பது அதற்கு வழிகாட்டுதல் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயம் நிலைபெற உலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளின் சுபாவங்களை விரிவாக எழுதி, ஆட்டிசம் என்ற நிலையை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக, தாயின் அன்பு குளிர்ந்துபோனதே இதற்குக் காரணம் என்ற கொடிய கொள்கை ஒன்று மேல்நாடுகளில் செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆட்டிசமுள்ள மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லண்டு 1964இல் ஒரு நூல் எழுதி அதை மறுத்தார். நம் பக்கத்தில் அந்தக் கொள்கை வேறு உருவங்களில் இன்னும் உயிரோடிருக்கிறது. கிரகணத்தில் வெளியே வந்தாள், செல்போனைக் கொடுத்துக் கெடுத்தாள், வேலைக்குப் போனதால் பிள்ளை பேசவில்லை என்றெல்லாம் தாயின் தலையிலேயே பழியைச் சுமத்துகிறார்கள். இவற்றுள் எதுவும் ஆட்டிசத்துக்குக் காரணமன்று. இது மூளை வளர்ச்சியின் அமைப்பிலேயே உள்ள வேறுபாடு என்பதையும், பரம்பரைக்கூறுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு என்பதையும் பயிற்சியைத் தொடங்கும் முன்பே வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். குற்றவுணர்ச்சியோடு அமரும் தாயால் நிதானமாகக் கற்பிக்க இயலாது.

நடத்தைப் பயிற்சிக்கு உலகளாவிய பெயரை வாங்கித் தந்தது, கலிபோர்னியாவில் இவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வாகும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கில், பெரும்பாலும் குழந்தைகளின் வீடுகளிலேயே, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கற்பித்ததில், 19 குழந்தைகளுள் 9 பேர் சாதாரணப் பள்ளியின் முதல் வகுப்பைத் தாமாகவே முடிக்கும் நிலையை எய்தினர் என்று அவர் எழுதினார். அந்தச் செய்தி பெற்றோருக்குப் பெரும் நம்பிக்கையை ஊட்டியது உண்மை. ஆனால் அவருடைய முறையில் உரத்த அதட்டலும் தொடையில் அடித்தலும் இருந்தன என்பதையும், குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படாததால் அம்முடிவுகளின் வலிமையைப் பற்றி அறிஞர்களிடையே பின்னர் விவாதம் எழுந்தது என்பதையும் மறைத்துவிட்டு அதை மட்டும் புகழ்ந்துரைப்பது நேர்மையாகாது. வாரத்துக்கு 40 மணி என்ற எண்ணைக் கண்டு மனமுடைந்துபோகும் சோமனூர்த் தாய்க்கு நான் எடுத்துச் சொல்ல விரும்புவது வேறோர் ஆய்வை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2016இல் வெளியான அந்த ஆய்வில், சிறப்பு மருத்துவர்கள் அல்லாத சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று, ஆறு மாதத்தில் 12 அமர்வுகளில் பெற்றோருக்குக் கற்பித்தார்கள். குழந்தையின் போக்கை அறிந்து அதற்கிசையப் பெற்றோர் பழகியபோது, குழந்தைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது கூடியது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்களும் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளின் தாய்மாருக்கு இவ்வாறே கற்பிக்கிறார்கள். கற்றுக்கொண்ட தாயும் தந்தையும் நல்ல ஆசிரியர்களாக முடியும் என்பதற்கு இவை போதுமான சான்று.

இனி விஷயத்துக்கு வருவோம். நடத்தைப் பயிற்சி முழுவதுக்கும் அஸ்திவாரமான உண்மை ஒன்றுண்டு: குழந்தை செய்யும் எந்தக் காரியமும், நமக்கு எவ்வளவு அர்த்தமற்றதாகத் தோன்றினாலும், அக்குழந்தைக்கு ஏதோ ஒரு பயனைத் தருகிறது. விரும்பிய பொருளைப் பெறுவது, வேண்டாத ஒன்றிலிருந்து தப்புவது, அருகிலிருப்பவரின் கவனத்தைப் பெறுவது, உடலுக்குள்ளே எழும் ஓர் உணர்ச்சியைத் தேடுவது அல்லது தணிப்பது என்று அந்தப் பயன்களை நான்கு வகையாகப் பிரிப்பர். ஒரே மாதிரியான அலறல் ஒரு குழந்தைக்குப் பொரியையும் மற்றொரு குழந்தைக்குக் குளியலிலிருந்து விடுதலையையும் வாங்கித் தரக்கூடும்; ஆகவே அலறலை நிறுத்துவது எப்படி என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இந்த அலறல் இவனுக்கு எதை வாங்கித் தருகிறது என்ற கேள்வியோடு தொடங்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் பலித்த உபாயம் நம் குழந்தைக்குப் பலிக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

விடை காண்பதற்குத் தேவையான கருவி, கூலிக் கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்றும் பேனாவும்தான். பக்கத்தை மூன்று பத்திகளாகக் கோடிட்டு, முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதன்பின் நாம் என்ன செய்தோம் என்று அவ்வப்போது எழுத வேண்டும். கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டும் என்பது இதில் முக்கியம். "பிடிவாதம் பிடித்தான்" என்று எழுதினால் அது தீர்ப்பு; "மாலை 6 மணி. அப்பா குடோனிலிருந்து வந்து செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவில் மூன்று தடவை தலையை முட்டினான். அப்பா போனை வைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டார்" என்று எழுதினால் அது சாட்சியம். இப்படிப் பத்துப் பதினைந்து குறிப்புகள் சேர்ந்துவிட்டால், எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் அவற்றினூடே ஓர் ஒழுங்கு தென்படத் தொடங்கும்.

எடுத்துக்காட்டாக, தறிக்குடோனை ஒட்டிய வீட்டில் வளரும் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். நாளில் சில வேளைகளில் அவன் காதைப் பொத்திக்கொண்டு வீறிடுகிறான், தறிச் சத்தம் அவனை வதைக்கிறது என்று எண்ணிய வீட்டார் குடோன் பக்கத்துக் கதவை எந்நேரமும் சாத்தியே வைக்கிறார்கள், பயனில்லை. நோட்டில் எழுதிப் பார்த்தபோதுதான், மின்சாரம் போகும்போதும் ஷிப்டு மாறும்போதும், அதாவது தறிகள் நின்றபின், அவன் வீறிடுகிறான் என்பது தெரிகிறது. பிறந்த நாள்முதல் கேட்டு வளர்ந்த அந்த ஒரே சீரான ஓசை அவனுக்கு ஆதாரமாகிவிட்டது. திடீரென்று கவியும் நிசப்தமே அவனைக் கலக்குகிறது. கதவைச் சாத்திய பெற்றோர் அறியாமலே அவனுக்கு வேண்டியதைக் குறைத்திருக்கிறார்கள். இப்போது செய்ய வேண்டியது வேறு: ஷிப்டு மாறும் நேரம் தெரிந்ததே ஆதலால், தறி நிற்பதற்குச் சற்று முன்பாக, நின்றுகிடக்கும் தறியின் படத்தைக் காட்டி, "தறி நிக்கப் போகுது சாமி" என்று ஒரே வாசகத்தை நாள்தோறும் சொல்லிப் பழக்கலாம், முன்னறிவிப்பின்றி மின்சாரம் போகும் வேளைக்கு, பேட்டரியில் ஓடும் சிறு வானொலி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, அதை அவனே திருகிப் போடக் கற்பிக்கலாம். அதே தெருவில் மற்றொரு குழந்தைக்குத் தறிச் சத்தமே மெய்யான வேதனையாக இருக்கக்கூடும். அக்குழந்தைக்குப் பின்கட்டு அறையும், காதை மூடும் கவசமும் தேவை. எழுதிப் பார்க்காமல் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது.

காரணம் தெரிந்தபின் அடுத்த காரியம், அதே பயனை இன்னும் சுலபமாக அடையும் வழியைக் கற்பிப்பது. இந்த வரிசையை மாற்றக்கூடாது என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். கேட்கத் தெரியாத குழந்தையிடம் அழுகையையும் பறித்துக்கொண்டால், அவனிடம் எஞ்சுவது ஒன்றுமில்லை. கேட்கக் கற்பித்த பின்னரே அழுகைக்குக் கொடுப்பதை நிறுத்தலாம்.

பொரியில் பிரியமுள்ள குழந்தைக்குக் கேட்கக் கற்பிப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உள்ளே இருப்பது தெரியும்படியான, மூடி இறுக்கமான டப்பாவில் பொரியைப் போட்டுக் குழந்தையின் கண்ணில் படும்படி வையுங்கள். பொரியின் படம் ஒட்டிய சிறு அட்டை ஒன்றை அவன் முன்னால் வையுங்கள். தாய் எதிரே டப்பாவோடு அமரட்டும்; அப்பத்தாவோ அக்காளோ பின்னால் அமரட்டும். குழந்தை டப்பாவை நோக்கிக் கை நீட்டுகிறான். அழுகை தொடங்கும் முன்பே, பின்னாலிருப்பவர் வாய் திறவாமல் அந்தக் கையைப் பிடித்து, அட்டையை எடுக்கச் செய்து, தாயின் உள்ளங்கையில் வைக்கச் செய்கிறார். அட்டை கையில் விழுந்த அக்கணமே, தாய் "பொரி" என்று தெளிவாகச் சொல்லி, நாலைந்து பொரியை அவன் கையில் இடுகிறாள். நாலைந்து என்பதைக் கவனியுங்கள். டப்பாவோடு கொடுத்துவிட்டால் பாடம் அத்தோடு முடிந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் ஒரே அமர்வில் பத்துத் தடவை கேட்கும் வாய்ப்புக் கிடைக்கிறது. நாள் செல்லச் செல்லப் பின்னாலிருப்பவரின் உதவி கையிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் விலகி, ஒருநாள் தேவையற்றதாகிவிடும். அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி பிராஸ்ட் இருவரும் 1985இல் வகுத்த படப்பரிமாற்ற முறையின் முதற்படி இதுவே. படத்தைக் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சம் நம் பெற்றோரிடையே அதிகம். அதற்கு ஆதாரமில்லை, பல குழந்தைகளுக்குப் படத்தின் பின்னாலேயே சொல்லும் வருகிறது.

கேட்கக் கற்றுக்கொண்டபின், அழுதால் கிடைக்காது, கேட்டால் கிடைக்கும் என்ற நியதியில் வீடு முழுவதும் ஒன்றுபட வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் பயிற்சி தடைப்படுகிறது. "அழுகறானே கண்ணு, ஒரு புடி குடுத்துப்போடு" என்று மாமியார் இரங்குவார். "கேட்டாக் குடுத்துக்கலாமுங்க அத்தை, அழுதாத்தான் வேண்டாமுங்க" என்று மருமகள் பணிவாகச் சொல்லலாம். அதைவிட நல்லது, அப்பத்தாவையே பின்னாலமரும் ஆசிரியையாக்கிவிடுவது. பேரனின் கை முதன்முதலில் தானாக அட்டையை எடுப்பதைத் தம் கைக்குள்ளேயே உணர்ந்த கிழவி, பிறகு அந்த நியதிக்கு வீட்டில் எல்லோரையும்விடக் கண்டிப்பான காவலாகிவிடுவார்.

மேலும் ஓர் எச்சரிக்கை. அழுகைக்குக் கொடுப்பதை நிறுத்திய முதற் சில நாட்களில் அழுகை குறையாமல் கூடவும் செய்யலாம். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று குழந்தை இன்னும் உரக்கச் சோதித்துப் பார்ப்பது இயல்பு. அந்த உச்சத்தில் மனமிளகிக் கொடுத்துவிட்டால், இனி இவ்வளவு உரக்க அழ வேண்டும் என்பதே அவன் கற்ற பாடமாகிவிடும். ஆகையால் தொடர்ந்து தாங்கும் உறுதி இல்லாத வாரத்தில், விருந்தினர் வந்திருக்கும் வேளையில், இதைத் தொடங்கவே வேண்டாம். குழந்தை தன்னைத்தானே அடித்துக்கொள்வதோ கடித்துக்கொள்வதோ உண்டென்றால், கண்டுகொள்ளாமலிருக்கும் இந்த உபாயத்தைப் பெற்றோர் தனியே கையாளக்கூடாது. நிபுணர் ஒருவரின் நேரடி மேற்பார்வை வேண்டும்.

இனி, தன் காரியத்தைத் தானே செய்துகொள்ளக் கற்பிப்பது. டவுசர் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒரே காரியமாகத் தோன்றும் இது, எடுப்பது, முன்பக்கம் பார்ப்பது, ஒரு காலை நுழைப்பது, மறுகாலை நுழைப்பது, முழங்கால்வரை இழுப்பது, இடுப்புவரை ஏற்றுவது என்று பல சிறு காரியங்களின் தொடராகும். இதைக் கடைசியிலிருந்து கற்பிப்பதே விவேகம்: எல்லாவற்றையும் தாயே செய்து, இடுப்புக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தையின் கையால் செய்விக்க வேண்டும். அப்போது பாடம் எப்பொழுதும் வெற்றியிலேயே முடியும்; முடித்தவுடன் பாராட்டும் கிடைக்கும். அது கைவந்தபின் முழங்காலில் நிறுத்தலாம், பிறகு பாதத்தில். "டவுசர் போடு" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்துவரை எண்ணிக் காத்திருங்கள். திரும்பத் திரும்பச் சொன்னால், ஆறாவது தடவைக்குத்தான் அசைய வேண்டும் என்று குழந்தை கற்றுக்கொள்கிறான். தவறாகச் செய்யத் தொடங்கினால் உடனே மெதுவாகக் கைபிடித்துத் திருத்திவிடுங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிபோட்ட பிறகே ஓட்டுவது போல, தவறு நீண்டு படிந்துபோக இடம் கொடுக்கலாகாது.

வெகுமதி என்பது நாம் உயர்வாக நினைப்பதன்று, குழந்தை நாடுவதே. கடலை உருண்டையைத் திரும்பியும் பாராத குழந்தை, காலியான நூல் கோன் ஒன்றைத் தரையில் சுழற்றிப் பார்ப்பதற்காக எதையும் செய்வான். அவனுக்கு அந்தக் கோனே வெகுமதி. அதைப் பாட வேளைக்கென்று தனியே எடுத்து வைத்து, சரியாகச் செய்த நொடியிலேயே கொடுங்கள். அரை நிமிஷம் தாமதித்தால், இடையில் அவன் செய்த வேறெதற்கோ அது பரிசாகிவிடும். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஐந்து முதல் பத்து நிமிஷம் உட்கார்ந்து கற்பித்தால் போதும். குழந்தைக்கு இன்னும் விருப்பம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். மற்றப் பாடங்கள் குளியலிலும், வட்டிலில் சோறு போடும்போதும், செருப்புப் போடும்போதும் தாமே நடக்கும். வீட்டில் கற்றதை அம்மாயி வீட்டிலும் கடையிலும் செய்துகாட்டினால்தான் கற்றதாகக் கொள்ள வேண்டும்.

எதை மாற்றக்கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கைகளை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது முதலியவை எவருக்கும் தீங்கு செய்யாதவரை அவற்றைத் தடுக்க நமக்கு நியாயமில்லை. அவை குழந்தை தன்னைச் சாந்தப்படுத்திக்கொள்ளும் வழிகள். கண்ணைப் பார் கண்ணைப் பார் என்று முகவாயைப் பிடித்துத் திருப்புவதும் வேண்டாம். இத்தகைய பயிற்சிகளுக்குள் வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசமுள்ளோர் பலர், அந்த நிர்ப்பந்தங்கள் தங்களைப் புண்படுத்தியதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சாட்சியத்தைவிடப் பெரிய சாட்சியம் நமக்கு வேண்டியதில்லை. அடி கூடாது, இருட்டறை கூடாது, சோற்றை நிறுத்திவைத்துப் பணியவைப்பது கூடவே கூடாது. அமைதியாக இருந்த குழந்தை திடீரென்று முரண்டு பிடிக்கத் தொடங்கினால், நடத்தையை ஆராயும் முன்பு உடலை ஆராயுங்கள்: பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தை வேறெவ்விதம் சொல்லுவான்? சிறிது நேரம் நினைவற்று வெறித்துப் பார்ப்பது போல் தோன்றினால் வலிப்பு நோய்க்கான பரிசோதனையும் அவசியம்.

தந்தைமாருக்கு ஒரு வார்த்தை. தாய் ஒருத்தியே இதையெல்லாம் செய்ய வேண்டுமென்று எதிர்பார்ப்பது அநியாயம். ஒரு வேளைப் பாடம் உங்களுடையதாக இருக்கட்டும். அந்த நேரத்தில் அவள் உறங்கட்டும்.

பூரண குணம் என்று வாக்களிப்பவர்களிடம் எச்சரிக்கையாயிருங்கள். ஆட்டிசம் மருந்தால் நீக்கக்கூடிய நோயன்று. இலட்சக்கணக்கில் பணம் பறிக்கும் ஸ்டெம்செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கலாகாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் அறநெறி வாரியம் 2022இலேயே அறிவித்துவிட்டது. நிலத்தையோ நகையையோ விற்று அந்த வழியில் போகவேண்டாம் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் எழுந்த மாத்திரத்தில், வயது ஏறட்டும் என்று காத்திராமல், கோயமுத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலுள்ள மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குச் செல்லுங்கள். பரிசோதனைக்கு அங்கே கட்டணமில்லை. பள்ளி வயதுக் குழந்தைக்கு, வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து கற்பிக்க ஏற்பாடு உண்டு, கேட்டுப் பெறுங்கள். தனியாரிடம் செல்வதாயின், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று பதிவெண்ணைக் கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் அதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார், பயிற்சி நடக்கும்போது உங்களை வெளியே நிறுத்தவும் மாட்டார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. ஆகவே சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம், அவற்றைக்கொண்டு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவுக்கும் பயிற்சிச் செலவுக்கும் உதவி பெறலாம். முதன்முறை மையத்துக்குப் போகும்போது, மூன்று பத்தியிட்டு நீங்கள் எழுதிய நோட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு அதிலேயே விடை இருக்கும்.